கேலரி வைத்த பெயர்

ஏப்ரல் 2, புதன்

காலை: இட்லி இரண்டு. நடை: வீட்டிலிருந்து மைதானம், போக வர.

சர்க்கரை டாக்டர், தினமும் என்ன சாப்பிட்டேன், எவ்வளவு நடந்தேன் என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். மே முதல் வாரம் காட்ட வேண்டும். தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு மெழுகு சப்ளை செய்கிற ஒரு கம்பெனி கொடுத்த டைரி சும்மா கிடந்தது. நாளொன்றுக்கு ஒரு பக்கம். இட்லிக்கு ஒரு வரி போதும். மீதிப் பக்கம் வெறுமனே கிடந்தால் எனக்குக் கை அரிக்கிறது.

இன்று எங்கள் ஊர் வைரம் ஹாக்கி கிளப்பின் கோடை முகாம் ஆரம்பம். மே ஒன்றாம் தேதி டோர்னமென்ட். அதுவரை தினமும் காலை ஆறு மணிக்குப் பிராக்டிஸ். விளையாடுகிறவர்கள் ஆறரைக்கு வந்தார்கள். நாங்கள் ஐந்தே முக்காலுக்கே வந்துவிட்டோம். நாங்கள் என்றால் மூன்று பேர். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆன ராயப்பன், சாயங்காலம் மட்டும் திறக்கிற புரோட்டாக் கடை காசிம் பாய், அப்புறம் கொம்பையா என்கிற நான். கேலரியில் மூன்றாம் படி எங்களுடையது. இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்து உட்கார்ந்து அந்தப் படி குழிந்துவிட்டது என்பார் பாய். குழிந்தது படியா நாங்களா என்பது வேறு விஷயம்.

டாக்டருக்குத் தெரியட்டும்: நான் ஹாக்கி ஆடியவன் இல்லை. மட்டையைக் கடைசியாகக் கையில் எடுத்தது வீட்டுக்குள் வந்த பாம்பை அடிக்க. பாம்பு நலமாகப் போய்விட்டது. ஆனாலும் யாரை எங்கே நிறுத்த வேண்டும் என்பது எனக்குத் தெரிந்த அளவுக்குக் கோச் தங்கதுரைக்குத் தெரியாது. இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். அவரும் என்னிடம் சில விஷயங்கள் சொல்லியிருக்கிறார்.

மைதானத்துக்குச் செயற்கைப் புல் டர்ஃப் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. தண்ணீர் தெளித்து நனைத்தால்தான் அதில் பந்து ஒழுங்காக ஓடும். சுற்றிலும் நட்ட தண்ணீர்க் குழாய்கள் திறப்பு விழா அன்று பீச்சின. அதோடு சரி.

"மோட்டாரு ஓடுதா வே?" என்றார் காசிம் பாய்.

"மோட்டாரு ஓடுது. தண்ணிதான் ஓடல," என்றார் ராயப்பன்.

"கக்கூஸ் சாவி?"

"செயலாளர்ட்ட இருக்கு. அவரு மச்சினி வளைகாப்புக்குப் போயிருக்காரு."

"சாவியுங் கொண்டுக்கிட்டா போனாரு?"

"அங்கயும் தேவைப்படும்லா."

கேலரிக்கு மேல் போட்டிருந்த தகரத்தில் பாதியைப் போன வருஷக் காற்று தூக்கிக்கொண்டு போயிற்று. மீதிப் பாதி யார் தலையில் இறங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறது.

வீடு வரும்போது முழங்கால் இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. இன்னும் இருபத்தெட்டு நாள்.

ஏப்ரல் 5, சனி

காலை: இட்லி இரண்டு. என் மனைவி பாக்கியம் மூன்றாவதும் வைத்தாள். கேட்காமல் வைத்ததை எழுத வேண்டியதில்லை.

"செண்டர் பார்வேர்டுக்குத் திரும்பவும் கூரியரத்தான் நிறுத்தப்போறாரு பஞ்சாங்கம்," என்றார் ராயப்பன். ஒன்றரை மணி நேரப் பேச்சுக்கு அது போதும்.

வெளியாட்களுக்கு விளங்காது. எங்கள் கேலரிக்கு ஒரு பழக்கம். ஒருத்தன் எத்தனை கோல் போட்டாலும், கேலரி பெயர் வைக்கிறவரை அவன் டீமில் சேர்ந்ததாகக் கணக்கில்லை. கூரியர் என்பது சரவணக்குமார். அவனிடம் கொடுத்த பந்து சேர வேண்டிய விலாசத்துக்குச் சேராது. வீடு பூட்டியிருக்கிறது என்று திரும்பி வந்துவிடும். வலது பக்கம் தடுப்பு ஆட்டக்காரன் ரேஷன் கடை. அவசரத்துக்குப் போனால் ஆள் இருக்காது. கோச் தங்கதுரை, ஆளை மாற்றுவதற்கு நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருப்பதால் பஞ்சாங்கம்.

வைத்தது யார் என்றால் அடியேன்தான். பிழைப்பே அதுதானே. லேபிள் அச்சாபீசில் தீப்பெட்டிக்குப் பெயர் யோசிக்கிற வேலை எனக்கு. 'குடை முயல்' என்னுடையது. 'பதினாறு கொக்கு'ம் என்னுடையது. பதினைந்து கொக்குதான் படத்தில் வந்தது, அது ஆர்ட்டிஸ்ட் தப்பு.

கேலரியில் வைக்கிற பெயர் லேபிளைவிட நன்றாக ஒட்டும். கூரியரின் கல்யாணத்துக்கு அடித்த ஃபிளெக்ஸில் 'மணமகன் கூரியர்' என்றுதான் இருந்தது. பெண் வீட்டார், மாப்பிள்ளை பார்சல் கம்பெனியில் வேலை செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆட்டத்தில் ஒவ்வொரு இடமாகப் பேசிக்கொண்டே முன்னால் இருந்து பின்னால் வந்தோம். பேச்சு கோல்கீப்பர் இடத்துக்கு வந்ததும் நேரமாகிவிட்டது என்று மூன்று பேரும் எழுந்துவிட்டோம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

முகாமுக்கு விடுமுறை. நாங்கள் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தோம்.

ஏப்ரல் 9, புதன்

காலை: இட்லி இரண்டு, சட்னி இல்லாமல். (இருந்தது.)

புதுக் கோல்கீப்பர் வந்திருக்கிறான். மூன்று வருஷமாக எங்களுக்கு என்று ஒரு கோல்கீப்பர் இல்லை. யாராவது ஒரு நோஞ்சானைப் பிடித்து நிறுத்திச் சமாளித்தார்கள். இவன் பெயர் இசக்கிராஜா. பைபாஸ் ரோட்டு டயர் கடையில் வேலை. பிராக்டிஸ் முடிந்ததும் சைக்கிளில் அப்படியே கடைக்குப் போகிறான். இருபத்து நான்கு வயது. டோர்னமென்டுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் பார்க்க வருவார்கள், இதில் தேறாவிட்டால் அப்புறம் வயது தாண்டிவிடும் என்று தங்கதுரை சொன்னாராம். அவன் முகத்தைப் பார்த்தாலே அது தெரிகிறது. ராத்திரி சரியாகத் தூங்காத முகம்.

பத்துப் பந்து அடித்தார்கள். ஆறு உள்ளே போயிற்று.

பின்படியில் இருந்து ஒரு சத்தம். "அண்ணாச்சி, சும்மா இருக்கீகளே. ஒண்ணு வைங்க!"

இன்னொருத்தன்: "கோல்கீப்பருக்கு வைக்கதுன்னா அண்ணாச்சிக்குக் கைவந்த கலைலா!"

யாரோ சிரித்தார்கள். காசிம் பாய் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"பொறுங்கப்பா. மொகத்த ரெண்டு நாள் பாக்கணும்லா," என்றேன். எனக்குப் பெயர் வைக்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனதே இல்லை என்பது கேலரிக்கே தெரியும்.

ஏப்ரல் 12, சனி

இசக்கிராஜாவின் பாதத்தில் பந்து அடித்துவிட்டது. கிளப்பில் கோல்கீப்பருக்கு இருப்பது ஒரே ஒரு செட். காலில் கட்டுகிற பேடில் ஸ்பாஞ்சு பிதுங்கி வெளியே வந்துவிட்டது. ஸ்ட்ராப்புக்குப் பதில் கொடிக்கயிறு. ஹெல்மெட்டை எடுத்துத் தட்டினால் எலிக்குஞ்சு இரண்டு விழுந்ததாம். கமிட்டியிடம் கேட்டதற்கு, எலிக்கு வேறு ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்களாம்.

பாதம் இட்லி மாதிரி வீங்கிவிட்டது. அவன் உட்கார்ந்து ஐஸ் வைத்துக்கொண்டிருந்தான். இரண்டு நிமிஷம்தான். மறுபடி போய் நின்றான்.

"இந்தக் கால வச்சுக்கிட்டு எப்படி வே நிப்பான்?" என்றார் காசிம் பாய். "மே ஒண்ணு வரைக்கும் தாங்காது."

"நல்ல பேடு ஒரு செட்டு இந்த ஊர்ல இல்லாமலா போச்சு," என்றார் ராயப்பன். சொல்லிவிட்டு வடக்கே இருந்த லைட் கம்பத்தைப் பார்த்தார். காசிம் பாய் தெற்குக் கம்பத்தைப் பார்த்தார். நானும் எனக்கென்று ஒரு கம்பத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுப் பரணில் பழைய போர்வையில் சுற்றி ஒரு செட் இருக்கிறது. பேடு, ஹெல்மெட், நெஞ்சுக் கவசம் எல்லாம். ஜெகதீசனுடையது. என் மகன். ஓசூரில் இருக்கிறான். நல்ல வேலை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. காலை: வடை ஒன்று, பாயசம் அரை டம்ளர். பண்டிகை என்று டாக்டர் மன்னிக்க வேண்டும்.

பாக்கியம் கொழுக்கட்டைக்கு மாவு சலிக்க உட்கார்ந்தாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பிவிட்டேன். "இன்னைக்கு ஏது பிராக்டிஸு?" என்றாள். தண்ணீர்க் குழாயைப் பார்க்கணும் என்றேன். அந்தச் சரக் சரக் சத்தம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. காதுக்குள் என்னவோ செய்கிறது.

திரும்பி வந்தபோது அவள் போனோடு மாடியில் நின்றாள். கீழே சிக்னல் கிடைக்காது என்பாள். எனக்கு எல்லா இடத்திலும் கிடைக்கிறது. படியில் நின்று கேட்டதில் "சாப்ட்டியா", "புதுச்சட்ட எடுத்தியா" என்பது மட்டும் கேட்டது. என்னைப் பற்றி ஒன்றும் இல்லை. திட்டாகவாவது ஒரு வார்த்தை வரும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

ஏப்ரல் 16, புதன்

காலை: இட்லி இரண்டு. நடை: கணக்கில் அடங்காது.

ராயப்பன் பொறுமை இழந்து, வீட்டில் இருந்து தோட்டத்துக் குழாயைக் கொண்டுவந்து டேங்கில் மாட்டிவிட்டார். மூன்று பேரும் டர்ஃப் முழுக்கத் தண்ணீர் பிடித்தோம். மூன்று பேரின் வயதைக் கூட்டினால் நூற்றெண்பது. பாய் குழாயின் நுனி, ராயப்பன் நடு, நான் முடிச்சு விழாமல் பார்க்கிற ஆள். முடிச்சு விழுந்தது. தண்ணீர் நின்றதும் பாய் குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். நான் முடிச்சை அவிழ்த்தேன். இரண்டு காரியமும் ஒரே நேரத்தில் நடந்துவிட்டது.

இசக்கிராஜா ஓடிவந்து துண்டு கொடுத்தான். "பெரியவங்கள்லாம் எதுக்கு அண்ணாச்சி சிரமப்படுதீங்க," என்றான். நொண்டிக்கொண்டேதான் வந்தான். கயிறு கட்டிய இடத்தில் தோல் உரிந்திருந்தது.

அவன் போனதும் பாய் தாடியைத் துடைத்துக்கொண்டே, "நல்ல பய," என்றார். "நம்ம ஜெகா மாதிரி."

ஏப்ரல் 18, வெள்ளி

புனித வெள்ளி. ராயப்பன் கோயிலில். படியில் நானும் பாயும் மட்டும்.

"ஓம்ட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார் பாய். "அன்னைக்கி நானுந்தான் சிரிச்சேன்."

"என்னைக்கி?"

"தெரியாத மாதிரிக் கேக்காதீரும். கேலரி பூராச் சிரிச்சுது. ஆனா நான் தோள்ல தூக்கி வளத்த பய. என் கடையில குருமா ஊத்தாம வெறும் புரோட்டாவத் தின்னுட்டு ஓடுத பய. அவன் ஹெல்மெட்டுக்குள்ள இருந்து இந்தப் படியப் பாத்தான். நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்."

நான் கூரியரின் ஆட்டத்தைப் பற்றி ஏதோ சொன்னேன்.

"கூரியர் இன்னைக்கி வரல வே," என்றார் பாய்.

ஏப்ரல் 19, சனி

காலை: ஒன்றும் இறங்கவில்லை.

சரி, எழுதிவிடுகிறேன். டாக்டர் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகட்டும்.

மூன்று வருஷத்துக்கு முன், இதே டோர்னமென்ட், கடைசி ஆட்டம். ஜெகாதான் கோல்கீப்பர். நான்கு கோல் வாங்கினான். நான்காவது கால் இடுக்கில் போயிற்று. கேலரி என் பக்கம் திரும்பியது. அதுவரை ஜெகாவுக்கு மட்டும் நான் பெயர் வைத்ததில்லை. ஊரான் பிள்ளைக்கெல்லாம் வைக்கிறார், சொந்தப் பிள்ளை என்றால் வாய் அடைத்துவிடுமோ என்று யாரோ கேட்டான். யார் என்று இப்போதும் தெரியாது. எனக்கு என் நியாயம் முக்கியம் இல்லையா. எழுந்து நின்று, "ஏ சல்லடை!" என்றேன்.

இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் வாங்கியதில்லை. எதிர் கேலரியும் சிரித்தது. எனக்கு அந்த நிமிஷம் நெஞ்சு நிமிர்ந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆட்டம் முடிந்து, வெளியூரில் இருந்து ஆள் எடுக்க வந்திருந்த ஒருவர் நோட்டும் பேனாவுமாகக் கேலரிப் பக்கம் வந்தார். நான்கு போனாலும் ஏழு தடுத்திருக்கிறான், அந்தக் கோல்கீப்பர் பெயர் என்ன என்று கேட்டார். நாற்பது பேர் ஒன்றாகச் சொன்னார்கள். அவரும் சிரித்தார். நோட்டை மூடிவிட்டார். ஜெகா ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்றான்.

மறுநாள் காலை எங்கள் வீட்டுக் கேட்டில் சிவப்புக் கயிறு போட்டு ஒரு சல்லடை தொங்கியது. பாக்கியம் அவிழ்த்து, கழுவி, வெயிலில் காயவைத்தாள். "நல்ல சல்லடதான்," என்றாள். மூன்று வருஷமாக அதில்தான் மாவு சலிக்கிறாள்.

இரண்டு வாரத்துக்குள் ஜெகா ஓசூர் போய்விட்டான். பொங்கலுக்கு வருவான். பஸ் கிடைக்காது என்று அன்றைக்கே கிளம்பிவிடுவான். என்னிடம் "ம்" என்பான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலை: இட்லி இரண்டு.

ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறினேன். பாதியில் பாக்கியம் வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன தேடுதீங்க?"

"அந்தப் பேடு. ஒரு பையன் கால் தோலு உரிஞ்சு நிக்கான். சும்மா கெடக்கதுதான."

"அது ஒங்க பொருளா?"

"நாந்தான வாங்கிக் குடுத்தேன்."

"குடுத்தாச்சுல்லா. அப்ப அவன் பொருளு. அவன்ட்ட கேளுங்க."

"நீ ஒரு வார்த்த கேட்டுச் சொல்லேன்."

"எனக்குச் சிக்னல் கெடைக்காது," என்றாள். ஸ்டூலைப் பிடித்த பிடியை மட்டும் விடவில்லை. இறங்கிவிட்டேன்.

ஏப்ரல் 23, புதன்

போன் பண்ணவில்லை. ஷிப்டில் இருப்பான்.

ஏப்ரல் 24, வியாழன்

ஷிப்டு.

ஏப்ரல் 25, வெள்ளி

பிராக்டிஸில் இசக்கிராஜா இன்னொரு அடி வாங்கினான், அதே இடத்தில். தங்கதுரை என்னிடம் நேராக வந்தார். "கொம்பையா, திங்கக்கெழம லிஸ்டு போடணும். இந்தக் காலோட அவன நிறுத்துனா பாவம். நிறுத்தாட்டாலும் பாவம்," என்றார். பஞ்சாங்கத்தின் வாயில் இருந்து ஒரு விஷயத்தின் இரண்டு பக்கமும் வருவது இதுதான் முதல் முறை. அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். வசதியாக இருந்திருக்கும்.

மத்தியானம் அச்சாபீஸ் மாடியில் நின்று நம்பரை அழுத்தினேன்.

"யாரு?" என்றான். என் நம்பர் அவனிடம் இல்லையோ, இருந்தும் கேட்டானோ.

"அப்பா."

"அம்மாவுக்கு என்ன?"

"அம்மா நல்லாத்தான் இருக்கா."

"பெறகு?"

பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம். நான் பேசத் தயார்செய்து வைத்திருந்த வரிகள் நல்ல வரிகள். இரண்டு இடத்தில் சிரிப்புகூட வரும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தேன்.

"பரண்ல உன் பேடு கெடக்குல்லா. இங்க ஒரு பையன் வந்திருக்கான். கெளப்பு பேடு கிழிஞ்சு போச்சு. கால் பூராப் புண்ணு. அவனுக்குக் குடுக்கலாமான்னு."

"கோல்கீப்பரா?"

"ஆமா."

மெஷின் கொஞ்ச நேரம் ஓடியது.

"எப்படி நிக்கான்?"

"நல்லாத்தான் நிக்கான். ரைட்டுப் பக்கம் கொஞ்சம் பிந்துதான்."

"வலது கால் ஸ்ட்ராப்பு லூசாயிரும் அதுல. அதான் எனக்கும் பிந்தும். ரெண்டு சுத்து சுத்திக் கட்டச் சொல்லுங்க."

"சரி."

"அவனுக்குப் பேரு வச்சாச்சா?"

"இன்னும் இல்ல."

"வைக்காதீங்க."

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டான். வலது பக்கம் பிந்தியதற்குக் காரணம் ஸ்ட்ராப் என்று மூன்று வருஷமாக எனக்குத் தெரியாது. நான்கு கோலில் மூன்று வலது பக்கம் போனவை.

ஏப்ரல் 26, சனி

காலை: இட்லி இரண்டு.

போர்வையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். இசக்கிராஜா பேடை மோந்து பார்த்துவிட்டு, "நாப்தலின் உருண்ட வாசம் அடிக்கி. நல்லாப் பாத்து வச்சிருக்காங்க அண்ணாச்சி," என்றான். பாக்கியம் உருண்டை வைத்தது எனக்குத் தெரியாது. வருஷா வருஷம் மாற்றியிருக்கிறாள் போல.

"யாரோடது?"

"என் மகன் ஜெகதீசனோடது," என்றேன். மைதானத்தில் அந்தப் பெயரை முழுசாகச் சொல்லி ரொம்ப நாளாயிற்று. ராயப்பன் தண்ணீர்க் குழாயை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 28, திங்கள்

லிஸ்ட் போட்டாயிற்று. கோல்கீப்பர் இசக்கிராஜா. செண்டர் பார்வேர்ட் கூரியர். அதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினோம். கக்கூஸ் சாவி வந்துவிட்டது. பூட்டு மாறிவிட்டதாம்.

மே 1, வியாழன்

முதல் ஆட்டத்திலேயே வெளியே வந்துவிட்டோம். மூன்றுக்கு ஒன்று. நாக் அவுட் டோர்னமென்ட். நாலு வாரம் முழங்கால் தேய்ந்தது ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

எழுத அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

முதல் பாதியில் இசக்கி ஐந்து தடுத்தான். ஜெகாவின் பேடு அவனுக்குக் கொஞ்சம் பெரிசு. தூரத்தில் இருந்து பார்த்தால் யார் நிற்பது என்று நொடி நேரம் குழம்பிவிட்டது எனக்கு. இரண்டாம் பாதியில் இரண்டு போயிற்று. மூன்றாவது கால் இடுக்கில்.

கேலரி அடங்கியது. அந்த அமைதி எனக்குப் பழக்கம். பின்படி, முன்படி, தகரம் இல்லாத பக்கம், எல்லாத் தலையும் மூன்றாம் படிக்குத் திரும்பியது. "அண்ணாச்சி..." என்று ஒருத்தன் இழுத்தான். நான் எழுந்துவிட்டேன். காலுக்குப் பழகிவிட்டது, தானாக எழுகிறது. நாக்கு நுனியில் மூன்று பெயர் வந்து நின்றது. அதில் ஒன்று முதல் தரம். இந்த டைரியில்கூட அதை எழுதப்போவதில்லை.

அப்போதுதான் பார்த்தேன். வலது கால் ஸ்ட்ராப் அவிழ்ந்து தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது.

"ஏலே இசக்கிராஜா!" என்று கத்தினேன். "வலது கால் ஸ்ட்ராப்பு! ரெண்டு சுத்து சுத்திக் கட்டு!"

அவன் குனிந்து பார்த்தான். கட்டினான். கேலரி இன்னும் காத்திருந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

"அவ்வளவுதானா?" என்றான் பின்படிக்காரன். "இதுக்கா எந்திரிச்சீக?"

"அண்ணாச்சி நமத்துப் போயிட்டாகப்பா," என்றான் இன்னொருத்தன். "நமத்த குச்சி! எத்தன தடவ ஒரசுனாலும் பத்தாது!"

சிரிப்பு வந்தது பாருங்கள். கேலரி முழுக்க. தீப்பெட்டி ஊரில் நமத்த குச்சிக்கு விளக்கம் தேவையில்லை. நான் பாயைப் பார்த்தேன். அவர் சிரிக்காமல் இருப்பதற்கு ரொம்பப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். "சிரியும் வே," என்றேன். சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்கு அப்புறம் வலது பக்கம் வந்த இரண்டு பந்தையும் இசக்கி காலால் தள்ளிவிட்டான்.

ஆட்டம் முடிந்து, நோட்டுப் பிடித்த ஒருவர் எங்கள் பக்கம் வந்தார். மூன்று வருஷத்துக்கு முன் வந்தவர் இல்லை, வேறு ஆள். "அந்தக் கோல்கீப்பர் பேர் என்ன?" என்றார். கேலரியில் ஒருத்தனுக்கும் வேறு பெயர் தெரியாது. "இசக்கிராஜா," என்றார்கள். எழுதிக்கொண்டார். வேலை கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. எழுதிக்கொண்டார், அதுதான் நடந்தது.

மே 2, வெள்ளி

அச்சாபீஸ் வாசலிலேயே, "வாங்க நமத்த குச்சி," என்றான் பைண்டிங் பையன். முதலாளி, அந்தப் பெயரில் ஒரு லேபிள் போட்டால் யார் வாங்குவான் என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். பால்காரன் சொன்னான். பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்பின் தெரியாத ஒருத்தன் சொன்னான்.

நல்ல பெயர்தான். தொழில் தெரிந்தவன் வைத்தது. ஒரு அசை கூட, ஒரு அசை குறைய இல்லை. வீடு வருகிற வரைக்கும் அதைச் சொல்லிப் பார்த்தேன். சாயங்காலம் மைதானத்துப் பக்கம் போகவில்லை. முழங்கால் வலி என்று ராயப்பனிடம் சொன்னேன். முழங்கால் நன்றாகத்தான் இருந்தது.

மே 4, ஞாயிறு

பாக்கியம் மாடியில் இருந்து இறங்கிவந்து போனை என்னிடம் நீட்டினாள். "ஒங்களுக்குத்தான்."

"என்ன, நமத்த குச்சி," என்றான் ஜெகா.

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அம்மா சொன்னா. எப்படி இருக்கு?"

"எது?"

"பேரு."

சமாளிக்கலாம் என்று பார்த்தேன். "ரெண்டு நாளாப் பஸ் ஸ்டாண்டுப் பக்கமே போகலடா," என்றேன்.

"ம்," என்றான். வழக்கமான "ம்" இல்லை. கொஞ்சம் நீளம். "நான் பதினோரு நாளு போகல. பன்னெண்டாம் நாள் ஓசூர் பஸ் ஏறத்தான் போனேன்."

"தெரியும்," என்றேன். அது பொய். பதினோரு நாள் என்று எண்ணியது எனக்குத் தெரியாது. "தெரியாதுடா," என்று திருத்திச் சொன்னேன்.

மெஷின் சத்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை.

"அந்தப் பையன் எப்படி நின்னான்?"

"ரெண்டு சுத்து சுத்திக் கட்டுன பெறகு ஒண்ணும் உள்ள போகல."

"போகாது," என்றான். அப்புறம், "பேடு அவன்ட்டயே இருக்கட்டும்," என்றான். "அடுத்த மாசம் லீவுல வருவேன். ரெண்டு நாளு இருப்பேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நில்லுங்க."

போனைக் கொடுக்கப் போனேன். பாக்கியம் மாவு சலிக்க உட்கார்ந்துவிட்டாள். சரக் சரக். சட்டை ஆணியில் தொங்கியது. எடுக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, கப்பி தனி, மாவு தனி என்று அது பிரிகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பாக்குதீங்க?" என்றாள்.

"நல்ல சல்லடதான்," என்றேன்.

காலை: இட்லி நான்கு.

டாக்டருக்கு: ஏப்ரல் இரண்டாம் தேதி முதல் இரண்டு என்று எழுதிய இடத்தில் எல்லாம் நான்கு என்று வாசித்துக்கொள்ளவும்.